திருவல்லத்துக் கரை

திருவனந்தபுரம் பத்மநாப சுவாமியை ஒரே பார்வையில் பார்த்துவிட முடியாது. ஒற்றைக்கல் மண்டபத்தில் ஏறி நின்றால் மூன்று வாசல்கள். முதல் வாசலில் திருமுகமும், சிவலிங்கத்தின் மேல் தாழ்ந்திருக்கும் வலக்கையும். நடு வாசலில் நாபியிலிருந்து எழும் தாமரை, அதில் பிரம்மா, முன்னால் உற்சவ மூர்த்திகள். மூன்றாவதில் திருவடி. எண்ணெய் விளக்கின் வெளிச்சம் மட்டும்தான். கண் பழகி உருவம் துலங்கும்போது பின்னால் நிற்பவர்கள் நெருக்கத் தொடங்கிவிடுவார்கள்.

அந்தத் திருமேனிக்கு நீளம் பதினெட்டு அடி. நேபாளத்துக் கண்டகி நதியிலிருந்து வந்த 12,008 சாளக்கிராமங்களை அடுக்கி, அதன் மேல் கடுசர்க்கரை யோகம் என்ற மூலிகைச் சாந்தைப் பூசி உருவாக்கியது. அதனால் மூலவருக்கு நீரால் அபிஷேகம் கிடையாது. அதற்கு வேறு மூர்த்தி உண்டு. முந்தைய நாளின் பூக்களைக்கூட மயிற்பீலியால்தான் ஒதுக்குகிறார்கள். ஆற்றுக் கற்களால் ஆன உடம்பு, ஆனால் தண்ணீர் படக்கூடாத உடம்பு. நம்மாழ்வார் பாடிய இந்த மலைநாட்டுத் தலத்துக்குச் சின்ன வயதிலிருந்தே வந்துகொண்டிருக்கிறேன். இங்கே தீர்த்தம் எங்கே என்று யோசித்ததில்லை. பத்மதீர்த்தக் குளத்தைப் பார்த்ததோடு சரி.

தலபுராணம் அதற்கு விடை வைத்திருக்கிறது. திவாகர முனிவர் என்பார்கள் சிலர், வில்வமங்கலம் சுவாமியார் என்பார்கள் சிலர். யாராயிருந்தாலும், ஓடி மறைந்த ஒரு குழந்தையைத் தேடி அவர் அனந்தன் காட்டுக்கு வருகிறார். அங்கே ஓர் இலுப்பை மரம் சாய்கிறது. பெருமாள் பள்ளிகொண்ட கோலத்தில் காட்சி தருகிறார். தலை திருவல்லத்தில், உடல் திருவனந்தபுரத்தில், கால் கழக்கூட்டம் பக்கத்துத் திருப்பாப்பூரில். இத்தனை பெரிய உருவைக் கண்ணால் அளக்க முடியாமல் முனிவர் வேண்ட, அவர் கையிலிருந்த தண்டத்தின் மூன்று மடங்கு அளவுக்குப் பெருமாள் சுருங்கினாராம். நாம் மூன்று வாசல் வழியே பார்ப்பது அந்தச் சுருங்கிய கோலத்தை. முழுக் கோலத்தின் தலைமாட்டில் கரமனை ஆறு ஓடுகிறது.

திருவல்லத்துக்குப் போக எனக்கு வேறு காரணமும் இருந்தது. அம்மா இறந்தபின் வந்த முதல் ஆடி அமாவாசைக்கு அண்ணன் ராமேஸ்வரம் கிளம்பினான். எங்கள் பக்கத்தில் எள்ளும் நீரும் இறைப்பது மகன்களின் வேலை. மகள்கள் கரையில் துணிமணியைப் பார்த்துக்கொண்டு நிற்போம். கடைசி வருடங்களில் அம்மாவைக் குளிப்பாட்டியதும் ஊட்டியதும் நான். அன்றைக்கு மட்டும் கரையில் நிற்க எனக்கு மனம் வரவில்லை. கேரளத்தில் அதே அமாவாசை கர்க்கடக வாவு. அங்கே பெண்களும் தம் கையால் பித்ரு பலி இடுகிறார்கள். எங்கள் நாகர்கோவில் முதலில் திருவிதாங்கூரிலும், பிறகு 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சியிலும் இருந்தது. அம்மாவின் தலைமுறைக்குத் திருவனந்தபுரம்தான் தலைநகர். அவளுக்கு அந்த ஊர் ஆற்றில் கொடுப்பதே சரி என்று பட்டது.

முந்தின நாள் ஒரு வேளை மட்டும் அரிசி உணவு. அதை ஒரிக்கல் என்கிறார்கள். திருவனந்தபுரம் கிழக்கே கோட்டையிலிருந்து விடியுமுன்பே பஸ். கோவளம் போகிற வழிதான் அது. திருவல்லம் பரசுராமர் கோயில் வாசலில் இருட்டிலேயே நீண்ட வரிசை. தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கும் பழைய கோயில். பிரம்மாவுக்கும் சிவனுக்கும் தனிச் சந்நிதிகள். தந்தை சொல்லுக்காகத் தாய் மேல் மழுவை ஓங்கி, பிறகு அதே தந்தையிடம் அவள் உயிரையே வரமாகக் கேட்டவர் பரசுராமர். ஆதிசங்கரர் தம் தாய்க்குப் பலி கொடுத்ததும் இங்கேதான் என்பது இவர்கள் நம்பிக்கை. அம்மாவை நினைத்து வருகிறவளுக்கு இதைவிடப் பொருத்தமான வாசல் இல்லை.

நனைந்த துணியோடு வரிசையாக உட்கார்ந்தோம். முன்னால் வாழையிலைத் துண்டு, வெந்த பச்சரிசி, எள், சந்தனம், தெச்சிப்பூ, சிறுபீளை. விரலில் தர்ப்பைப் பவித்திரம். சடங்கை நடத்தும் பரிகர்மி ஒலிபெருக்கியில் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, சோற்றை உருட்டி வைத்து, எள்ளும் நீரும் விட்டோம். வலப்பக்கம் ஒரு கல்லூரிப் பையன், இடப்பக்கம் ஒரு வயதான அம்மா. "ஆர்க்கா மோளே?" என்று கேட்டார். "அம்மைக்கு" என்றேன். என் பவித்திரம் நழுவியபோது அவரே எடுத்து மாட்டிவிட்டார்.

அம்மாவின் பெயரையும் நட்சத்திரத்தையும் மனதில் நினைக்கச் சொன்னார்கள். பெயர் வந்தது. அதன் பின்னாலேயே, காய்ச்சல் வந்தால் அவள் கரைத்துத் தரும் கஞ்சியின் வாசனையும் வந்தது. அழுதேன், யாரும் திரும்பிப் பார்க்கவில்லை, அங்கே அது புதிதல்ல. பிறகு இலையை எடுத்துப்போய் வெளியே வைத்து, ஈரக் கையைத் தட்டிக் காக்கையைக் கூப்பிட வேண்டும். நூற்றுக்கணக்கான கைகள் தட்டிக்கொண்டிருந்தன. காக்கைகளுக்கு அன்று பஞ்சமில்லை.

ஆற்றில் முங்கும்போதுதான் மனம் கசந்தது. அகத்தியர் மலைப் பக்கம் பிறந்து, பேப்பாறை, அருவிக்கரை அணைகளைத் தாண்டி, சுமார் 68 கிலோமீட்டர் ஓடி வரும் ஆறு இது. அருவிக்கரையில் எடுக்கிற இதன் நீரைத்தான் நகரம் குடிக்கிறது. அதே நகரம் தன் கழிவைக் கிள்ளியாற்றில் விடுகிறது. கிள்ளியாறு திருவல்லத்துக்குச் சற்று முன்னால் கரமனையில் கலக்கிறது. குடிக்கிற தண்ணீரை மேலே வாங்கிக்கொண்டு, பித்ருக்களுக்குக் கொடுக்கிற தண்ணீரைக் கீழே கெடுக்கிறோம். மணலும் போய்விட்டது. திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் கடை நடத்திக்கொண்டே எழுதிய ஆ. மாதவன், ஆற்றில் மணல் வாரிப் பிழைப்பவர்களை வைத்து 'புனலும் மணலும்' நாவலை 1974ல் எழுதினார். வாரியது கைக்கும் படகுக்கும் அடங்காமல் பெருகி, 2001ல் சட்டம் போட வேண்டியதாயிற்று. ஆழம் எங்கே எவ்வளவு என்று தெரியாததால் இன்று கயிறு கட்டித்தான் முங்க விடுகிறார்கள்.

பத்மநாபர் மேல் ஒரு துளி படாமல் காக்கத் தெரிந்த ஊர் இது. 1750ல் மார்த்தாண்ட வர்மா நாட்டையே அவர் காலடியில் எழுதி வைத்த ஊர். 2011ல் கோயில் நிலவறைகளைத் திறந்தபோது உலகமே அங்கிருந்த பொன்னைப் பற்றிப் பேசியது. அவருடைய தலைமாட்டில் ஓடும் ஆறும் அவர் சொத்துதான் என்று நான் நினைக்கிறேன். அதற்கும் காவல் வேண்டும்.

தமிழ்நாட்டிலிருந்து வரும் சுற்றுலா வேன்கள் பத்மநாப சுவாமி கோயிலில் ஆட்களை இறக்கி ஏற்றிவிட்டு, திருவல்லத்தைத் தாண்டி நேரே கோவளம் கடற்கரைக்குப் போகின்றன. வாவு நாள் நெரிசலைத் தாங்க முடியாதவர்கள் வேறு நாளில் வரலாம். இங்கே பலி தினமும் உண்டு. மாற்றுத் துணி போதும், இலையும் எள்ளும் அங்கேயே கிடைக்கும். கொண்டுவந்த பிளாஸ்டிக் பையைத் தயவுசெய்து திரும்பக் கொண்டுபோங்கள்.

அடுத்த ஆடிக்கு அக்காவும் வருகிறேன் என்கிறாள். மூட்டுவலிக்காரி, வரிசையில் நிற்க ஒரு முக்காலி எடுத்துப் போக வேண்டும். முடிந்தால் அன்று சாயந்திரமே அவளைத் திருப்பாப்பூருக்கும் கூட்டிப்போய்க் காட்ட ஆசை.