பதிவேட்டில் ஏறிய பெயர்கள்

பள்ளிக்கூடத்துச் சேர்க்கைப் பதிவேட்டைப் படிக்கத் தெரிந்தவர்க்கு ஓர் ஊரின் வரலாறே அதில் கிடைத்துவிடும். அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் மகள் வீட்டில் சில மாதங்கள் தங்கியிருந்தபோது, பேரன் பயிலும் அரசுத் தொடக்கப் பள்ளியைக் கண்டு நாம் உணர்ந்த உண்மை இது.

மாலை வேளையில் பள்ளி வாயிலில் காத்து நிற்கும் பெற்றோரிடையே நம் காதில் மிகுதியாக விழுந்தது ஸ்பானிய மொழியே. மெக்சிகோவிலும் பிற ஸ்பானிய மொழி நாடுகளிலும் வேர்கொண்ட இம்மக்களை ஹிஸ்பானியர் என்பர். இவர்களுள் சிலருடைய முன்னோர், 1845இல் டெக்சாஸ் அமெரிக்காவோடு இணைவதற்கு முன்பே அம்மண்ணில் வாழ்ந்தவர்கள்.

அமெரிக்க அரசுப் பள்ளிகளில் 2000ஆம் ஆண்டில் நூற்றுக்கு 16 பேராக இருந்த ஹிஸ்பானிய மாணவர், 2010இல் 23 ஆகவும் 2021இல் 28 ஆகவும் பெருகினர். டெக்சாசிலோ 2010-11 கல்வியாண்டிலேயே பாதியைக் கடந்துவிட்டனர். எல்லை தாண்டி வந்தோரால் மட்டுமே நேர்ந்த பெருக்கம் இதுவென்று கருதுவோர் உளர். ஆயினும், இப்பிள்ளைகளுள் மிகப் பெரும்பாலோர் அமெரிக்க மண்ணிலேயே பிறந்தவர்கள்.

இப்பெயர்கள் எளிதில் பதிவேட்டில் ஏறிவிடவில்லை. கலிபோர்னியாவில் மெக்சிகோ வழிப் பிள்ளைகளுக்கெனத் தனிப் பள்ளி ஒதுக்கப்பட்டதை எதிர்த்து மெண்டஸ் குடும்பத்தாரும் பிறரும் 1945இல் வழக்குத் தொடுத்து வென்றனர். டெக்சாசில் 1975ஆம் ஆண்டுச் சட்டம், உரிய ஆவணமின்றி நாட்டுக்குள் வந்த பிள்ளைகளின் கல்விக்கு அரசுப் பணம் தர மறுத்தது. டைலர் நகரில் அத்தகைய பிள்ளை ஒன்றுக்கு ஆண்டுக்கு 1,000 டாலர் கட்டணம் கேட்டனர். வழக்காடிய பெற்றோர், நாடு கடத்தப்படலாம் என்ற அச்சத்தில் உடைமைகளைக் காரில் ஏற்றிக்கொண்டு அதிகாலையில் நீதிமன்றம் வந்தனராம்! 1982இல் உச்ச நீதிமன்றம், ஐவருக்கு நால்வர் என்ற கணக்கில், அப்பிள்ளைகளின் பக்கம் தீர்ப்பளித்தது.

எண்ணிக்கைக்கு ஓர் ஆற்றல் உண்டு. ஒரு கல்வி மாவட்டத்தில் ஒரே வகுப்பில், ஒரே தாய்மொழியுடைய, ஆங்கிலம் போதாத பிள்ளைகள் 20 பேர் இருப்பின், தொடக்க வகுப்புகளில் அவர்களுக்கு இருமொழிக் கல்வி தரவேண்டும் என்பது டெக்சாஸ் சட்டம். ஆங்கிலமே பயிற்றுமொழி என்று 1918இல் விதித்த மாநிலம் அதுவே என்பதை நோக்க, இம்மாற்றத்தின் அருமை விளங்கும்.

ஆனால் வாயிலில் நாம் கண்ட மற்றொன்றும் உண்டு. நம் பேரனின் தோழி ஒருத்தியை அழைத்துச் செல்ல அவளுடைய பாட்டியார் நாள்தோறும் வருவார். 'அபுவேலா' என்று ஓடிவந்து கட்டிக்கொள்ளும் அச்சிறுமி, பாட்டியார் ஸ்பானிய மொழியில் கேட்பவற்றுக்கெல்லாம் ஆங்கிலத்திலேயே விடை சொல்வாள். அருகில் நம் பேரனும் 'நன்னா' என்று தமிழில் தொடங்கி ஆங்கிலத்தில் முடிப்பான். அவ்வேளைகளில் அம்மூதாட்டியும் நாமும் ஒருவரையொருவர் நோக்கிப் புன்னகைப்போம். அவர் மொழி நமக்குத் தெரியாது. நம் மொழி அவருக்குத் தெரியாது. எனினும், அப்புன்னகையின் பொருள் இருவருக்கும் தெரியும்.

வகுப்பில் பாதிப்பேர் பேசும் மொழிக்கே இந்நிலையென்றால், ஒருவர் இருவர் பேசும் நம் தமிழின் நிலை என்னவாகும்? அயல்நாட்டில் பிள்ளை வளர்க்கும் நம் குடும்பங்கள் சிந்திக்க வேண்டிய கேள்வி இது. பள்ளியின் கதவைச் சட்டம் திறக்கலாம். வகுப்பறையில் மொழிக்கு இடத்தை எண்ணிக்கை தேடித் தரலாம். இரவுச் சாப்பாட்டு வேளையில் பிள்ளையின் வாயில் அம்மொழியை நிலைக்கச் செய்வது பெற்றோர் கடன். இருபது பேர் சேராத மொழிக்கு வீடே பள்ளிக்கூடம்.