சூளைத் தீயும் உயிர்த் தீயும்

கோலாலம்பூரில் தமிழர் நெடுங்காலமாக வாழ்ந்துவரும் பிரிக்பீல்ட்ஸ், தன் பெயரைச் செங்கற் சூளைகளால் பெற்றது. 1881ஆம் ஆண்டின் தீயும் வெள்ளமும் மரமும் அத்தாப்பும் வேய்ந்த நகரை அழித்தபின், அதனைச் செங்கல்லால் எழுப்ப அங்கே களிமண் சுடப்பட்டது. ஈரக் களிமண் எவ்வடிவத்தையும் ஏற்கும். சுட்டபின் அதன் வடிவம் மாறாது. மனித உடலினுள்ளும் இத்தகைய தொழில் ஓயாது நடைபெறுகின்றது.

ஸ்டெம் செல் எனப்படும் குருத்தணு, அந்த ஈரக் களிமண் போன்றது. எலும்பு மஜ்ஜையில் உறையும் குருத்தணு, குருதியின் எல்லா வகை அணுக்களையும் ஈனவல்லது. உயிரணுவினுள் உணவை உயிர்வளியோடு சேர்த்து ஆற்றல் ஆக்கும் சூளையோ, மைட்டோகாண்டிரியா என்னும் இழைமணி. வியப்பு யாதெனின், ஓய்ந்திருக்கும் குருத்தணு இச்சூளையைத் தணித்தே வைத்திருக்கின்றது. உயிர்வளி வேண்டாத சர்க்கரைச் சிதைவைக் கொண்டே அது பெரிதும் வாழ்கின்றது. சூளை ஓங்கி எரிந்தால், அதன் புகைபோல் எழும் நச்சுப் பொருள்கள் மரபணுக்களைக் கெடுக்கும் அன்றோ? குருதியிழப்பு நேர்ந்து புதிய அணுக்கள் வேண்டப்படும்போதுதான் தீ தூண்டப்படுகின்றது. இழைமணிகள் விழித்தெழ, குருத்தணு தனக்குரிய தொழிலை ஏற்று முதிர்கின்றது.

அத்தீக்கு விறகு மட்டும் போதாது. சர்க்கரையின் சிதைவுப் பொருளை இழைமணியில் எரிபொருளாக மாற்றத் தயாமின் என்னும் பி1 உயிர்ச்சத்து வேண்டும். அஃது இல்லையேல் நேர்வதைக் கோலாலம்பூரே கண்டது. தீட்டிய பச்சரிசியை உண்ட சீனச் சுரங்கத் தொழிலாளர் பலர் பெரிபெரி நோயால் மடிந்தனர். புழுங்கலரிசி உண்ட தோட்டத் தமிழர் பெரும்பாலும் தப்பினர். 1905ஆம் ஆண்டின் இறுதியில், மருத்துவர் வில்லியம் பிளெட்சர் கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினர்க்குப் பச்சரிசியும் மற்றவர்க்குப் புழுங்கலரிசியும் அளித்துவந்தார். ஓராண்டில் பச்சரிசி உண்டவருள் 18 பேர் பெரிபெரியால் இறந்தனர். புழுங்கலரிசி உண்டவருள் அந்நோயால் ஒருவரும் இறக்கவில்லை. நெல்லை அவிக்கையில் தவிட்டிலுள்ள தயாமின் அரிசியினுள் இறங்கிவிடுகின்றது என்னும் உண்மை பின்னரே விளங்கிற்று.

பெரிபெரி நரம்பையும் இதயத்தையும் கடுமையாகத் தாக்குவது. அவை மிகுந்த ஆற்றலை வேண்டுபவை. இழந்த அணுக்களைப் புதிதாக ஆக்கிக்கொள்ளும் திறனோ அவற்றுக்கு மிகக் குறைவு. அங்கே சூளை அணைந்தால், துளிர்க்கக் குருத்து இல்லை.

முதுமையில் தளரும் குருத்தணுக்களின் இழைமணிகளைச் சீர்செய்து, தசையையும் குருதியையும் புதுப்பிக்க இன்று ஆய்வாளர் முயல்கின்றனர். அவ்வறிவியலைப் பயிலும் தமிழ்ப்பள்ளி மாணவர், தம் பாட்டன்மார் உண்ட புழுங்கற்சோற்றுக்கும் அவ்வரலாற்றில் இடமுண்டு என்பதை அறிந்து பயிலுதல் நன்று.