மலையிடை மூன்று இரவுகள்

நாடாளும் தலைவர் ஒருவர் வெளியூர் செல்வாராயின், ஊர்தோறும் வரவேற்பு வளைவுகள் எழும்; வாழ்த்துரைகள் முழங்கும்; விருந்துகள் நிகழும். அவற்றையெல்லாம் ஒதுக்கிவிட்டு, மலைக்காட்டில் மரத்தடியிற் படுத்துறங்க விரும்பிய தலைவரும் ஒருவர் இருந்தார். அவர்தாம் அமெரிக்க ஐக்கிய நாடுகளின் குடியரசுத் தலைவராய் விளங்கிய தியோடர் ரூசுவெல்ட். 1903ஆம் ஆண்டு மே மாதத்தில் அவர் மலையிடைக் கழித்த மூன்று இரவுகள், அந்நாட்டுக் காடுகளின் வரலாற்றில் நிலைத்த இடம் பெற்றன.

கலிபோர்னியா மாநிலத்தில் சியரா நெவாடா என்னும் நெடுமலைத் தொடர் உள்ளது. அதன் நடுவே அமைந்தது யோசெமிட்டிப் பள்ளத்தாக்கு. இருபுறமும் செங்குத்தான பாறைகள் வானளாவி நிற்கும். அவற்றின் உச்சியினின்று அருவிகள் ஆர்ப்பரித்து வீழும். அவானீச்சி என்னும் பழங்குடி மக்கள் வழிவழியாக வாழ்ந்த இடம் அது. 1851ஆம் ஆண்டில் படையினர் புகுந்து அவர்களை வெளியேற்றினர். பள்ளத்தாக்கிற்குத் தெற்கே மாரிபோசா என்னும் தோப்பில் செக்கோயா மரங்கள் ஓங்கி நிற்கின்றன. அவற்றுள் கிரிஸ்லி ஜயண்ட் எனப்படும் முதுமரத்தின் வயது ஏறத்தாழ 3000 ஆண்டு என்பர். இத்துணைப் பெரிய மரத்தின் விதையோ ஓர் அரிசியினும் எடை குறைந்தது!

இவ்வளவு அரிய செல்வத்திற்கு அந்நாளில் ஒருமித்த காவல் இல்லை. பள்ளத்தாக்கும் தோப்பும் 1864 முதல் மாநில அரசின் பொறுப்பில் இருந்தன. சுற்றியிருந்த மலைப்பகுதியோ 1890 முதல் நாட்டின் நடுவணரசுக்குரிய தேசியப் பூங்காவாக இருந்தது. தோட்டம் ஒருவர் காவலிலும் வீடு மற்றொருவர் காவலிலும் இருந்தால் என்னாகும்? பள்ளத்தாக்கின் புல்வெளிகள் உழப்பட்டன, மரங்கள் வெட்டுண்டன.

இதனைக் கண்டு நெஞ்சம் நொந்தவர் ஜான் மியூர் என்னும் பெரியார். ஸ்காட்லாந்து நாட்டிற் பிறந்து, இளமையிலேயே அமெரிக்காவில் குடியேறியவர் அவர். 1867இல் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்கையில் அவர் கண்ணில் அரம் பாய்ந்தது. இனிப் பார்வை இல்லையோ என்று அஞ்சி, இருண்ட அறையிற் பல நாள் கிடந்தார். பார்வை மீண்டதும், எஞ்சிய வாழ்நாளில் மலையும் காடும் கண்டு மகிழ்வதே தம் கடன் எனத் துணிந்தார். 1869ஆம் ஆண்டுக் கோடையில் ஆட்டு மந்தையுடன் சியரா மலையில் அலைந்து, ஆடுகள் மேய்ந்த புல்வெளி மொட்டையாய்ப் போவதையும் கண்கூடாகக் கண்டார்.

மியூரின் எழுத்துகளைப் படித்த ரூசுவெல்ட், அரசியலை மறந்து சில நாள் அவருடன் மட்டும் காட்டில் தங்க விரும்பி மடல் எழுதினார். தலைவர்க்கு வயது 44, மியூருக்கோ 65. இருவரும் ரேமண்ட் என்னும் ஊர்வரை இரயிலிலும், பின்னர்க் குதிரை வண்டியிலும் சென்று மாரிபோசாத் தோப்பை அடைந்தனர்.

முதல் இரவு வானம் தெளிந்திருந்தது. செக்கோயா மரங்களினிடையே இருவரும் படுத்தனர். பறவைகளின் குரலைக் கேட்டு ரூசுவெல்ட் மகிழ்ந்தார். மியூரோ பறவைகளைப் பற்றி மிகுதியாக அறிந்திலர். அவர் உள்ளம் மரத்திலும் பாறையிலும் மலரிலுமே தோய்ந்திருந்தது. ஒருவர் அறியாததை மற்றவர் அறிந்திருந்தமையால் உரையாடல் இனித்தது.

மறுநாள் குதிரைமீதேறி, பனி படிந்த வழியே கிளேசியர் முனையை நோக்கிச் சென்றனர். அன்றிரவு வெண்பனி பொழிந்தது. விடியலில் விழித்தெழுந்த தலைவரின் போர்வைமேலும் பனி மூடியிருந்தது! பிறர் வருந்தும் அந்நிலையில் அவர் குழந்தைபோல் களித்தார். மூன்றாம் நாள் பள்ளத்தாக்கில் இறங்கினர். அங்கே விருந்தும் வாணவேடிக்கையும் காத்திருந்தன. அவற்றை மறுத்து, பிரைடல்வெயில் அருவியின் அருகிலுள்ள புல்வெளியிலேயே தங்கினார் தலைவர். காடுகளின் அழிவைப் பற்றியும், பள்ளத்தாக்கை நடுவணரசே ஏற்க வேண்டுவதன் தேவையைப் பற்றியும் மியூர் அவருக்கு எடுத்துரைத்தார்.

அவ்வுரை வீண்போகவில்லை. 1906இல் பள்ளத்தாக்கும் மாரிபோசாத் தோப்பும் தேசியப் பூங்காவுடன் இணைந்தன. ரூசுவெல்ட் தம் ஆட்சிக்காலத்தில் ஏறத்தாழ 23 கோடி ஏக்கர் நிலத்தைக் காப்பில் வைத்தார்.

எனினும், ஒருமுறை காத்தது என்றும் காத்தது ஆகாது. அதே பூங்காவினுள் ஹெட்ச் ஹெட்சி என்னும் மற்றொரு பள்ளத்தாக்கு இருந்தது. சான் பிரான்சிஸ்கோ நகரின் குடிநீருக்காக அங்கே அணை கட்ட 1913இல் சட்டம் இசைவளித்தது. தடுக்கப் பல்லாண்டு போராடிய மியூர், மறு ஆண்டே மறைந்தார். பின்னர் அப்பள்ளத்தாக்கு நீரில் மூழ்கியது.

இன்று கோடைதோறும் மக்கள் திரள்திரளாக யோசெமிட்டிக்குச் சென்று கூடாரம் அமைத்துத் தங்குகின்றனர். மலைவழிகளில் நடந்து மகிழ்கின்றனர். தலைவரும் முதியவரும் கண்ட அம்மரங்களின் நிழல் இவர்களுக்கும் கிடைக்கின்றது. வெட்டுவதற்கு ஒரு நாள் போதும். மீண்டும் அவ்வாறு வளர மூவாயிரம் ஆண்டு வேண்டும். இவ்வுண்மையை அரசாங்க ஏடுகளிலும் படித்தறியலாம். ஆயினும், மரத்தடியில் ஓரிரவு படுத்துறங்கியவர்க்கு அது நெஞ்சிற் பதியும். நெஞ்சிற் பதிந்ததையே மனிதன் காக்க முற்படுவான்.