பூச்சடையும் நிலைக்கண்ணாடியும்

ஃபேஷன் ஃபோட்டோகிராஃபி என்றவுடன் நம் நினைவு பாரிசுக்கும் நியூயார்க்குக்கும் ஓடிவிடுகிறது. 1955இல் ரிச்சர்ட் அவெடன், தியோர் நிறுவனத்து அங்கி அணிந்த டோவிமா என்னும் மாடல் அழகியைப் பாரிஸ் சர்க்கஸ் ஒன்றின் யானைகளுக்கு நடுவே நிறுத்தி எடுத்த படத்தை இலக்கிய அன்பர்களும் பார்த்திருக்கக்கூடும். (சங்கரன்கோவில்காரர்களாகிய நமக்கு யானை ஒன்றும் புதிதன்று.) அதே ஆண்டுகளில் நம் ஊர்களின் ஸ்டுடியோக்களிலும் உடையும் அலங்காரமும் படமாகிக்கொண்டுதான் இருந்தன. அதை அந்தப் பெயரால் யாரும் அழைக்கவில்லை, அவ்வளவே.

பூச்சடைப் படத்தையே சொல்கிறோம். தாழை மடலும் மல்லிகை அரும்பும் கனகாம்பரமும் வைத்துத் தைத்த சடையோடு பெண் நிற்பாள். முதுகுப்புறம் ஒரு நிலைக்கண்ணாடி. முகமும் சடையும் ஒரே படத்தில் விழவேண்டும். சொல்வது எளிது. கண்ணாடிக்குள் காமிராவோ விளக்கோ தெரிந்துவிடக் கூடாது. கண்ணாடியிலுள்ள பிம்பம் பெண்ணைக் காட்டிலும் தொலைவில் இருப்பதாகவே லென்சு கொள்ளும். இரண்டும் துலங்க வேண்டுமானால் துளையைச் சுருக்க வேண்டும். துளை சுருங்கினால் ஒளி குறையும், நேரம் நீளும். அதுவரை பெண் அசையாமல் நின்றாக வேண்டும். அந்தச் சிறுமிகளின் முகத்தில் காணும் விறைப்பை நாணம் என்று எழுதுகிறவர்கள் இதையும் கணக்கில் கொள்வது நல்லது.

எங்கள் அத்தைக்கு 1957இல் அப்படியொரு படம் எடுத்தார்கள். சடங்கு முடிந்த மாலை, பூ வாடுமுன் எடுத்தாக வேண்டுமென்று அவசரம். ‘எய்யா, என் சடைய நானே பாத்தது அந்தப் படத்துலதான்’ என்று அத்தை ஒருமுறை சொன்னார். அதுவரை நாம் அப்படங்களை மாப்பிள்ளை வீட்டாருக்கான முன்னறிவிப்பு என்றே வகுப்பில் விளக்கி வந்தோம். அந்த விளக்கமும் பொய்யன்று. ஆனால் படத்தின் முதல் பார்வையாளர் அத்தைதான்.

அந்த நிற்கும் வாகும் ஒளியும் எங்கிருந்து வந்தன? பெரும்பகுதி சினிமாவிலிருந்து. 1945இல் வெளிவந்த ‘மீரா’வுக்காக, எல்லிஸ் ஆர். டங்கன் எம்.எஸ். சுப்புலட்சுமியின் மார்பளவுச் சிலை ஒன்றைச் செய்வித்து, அதன்மேல் பல கோணங்களில் ஒளி பாய்ச்சிப் பார்த்துத்தான் அவர் முகத்தைப் படமாக்கினார். அத்தகைய முகங்களைப் ‘பேசும் படம்’ போன்ற ஏடுகள் ஊர்தோறும் கொண்டுசேர்த்தன. பஃப் கை ரவிக்கையும் அவற்றோடு வந்தது.

இவ்விடத்தில் இர்விங் பென்னைக் குறிப்பிட வேண்டும். ‘வோக்’ இதழுக்காகப் பெரு நாட்டுக்குச் சென்றவர், 1948 டிசம்பரில் குஸ்கோ நகரத்து ஸ்டுடியோ ஒன்றைச் சில நாள் வாடகைக்கு எடுத்தார். வரைந்த திரைச்சீலை, பகல் வெளிச்சம். நம்மூர் ஸ்டுடியோவின் உடன்பிறப்பு. பண்டிகைக்குப் படமெடுத்துக்கொள்ள வந்தவர்களிடம் காசு வாங்காமல், அவரே காசு கொடுத்துப் படமெடுத்தார். அரிய படங்கள்தாம். ஆயினும் காசு கைமாறிய திசையோடு படத்தின் உரிமையும் திசை மாறிவிட்டது. அவை உலகம் பார்ப்பதற்கானவை ஆயின. அத்தையின் படத்துக்குக் காசு கொடுத்தவர் தாத்தா. எந்தப் பாவாடை, எத்தனை முழம் பூ என்பதெல்லாம் வீட்டுப் பெண்கள் முடிவு செய்தவை. படம் வீட்டுச் சுவருக்கு வந்தது.

புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு தமிழகத்து ஸ்டுடியோப் படங்களைத் திரட்டி எண்ணிமமாக்கியிருக்கிறது. நற்பணி. எனினும் வீட்டுப் பெட்டிகளில் கிடப்பவை இன்னும் எத்தனையோ. அவற்றின் பின்புறத்தில் பெரும்பாலும் ஸ்டுடியோ முத்திரை இருக்கும். பெண்ணின் பெயர் இராது. சொல்லத் தெரிந்த பாட்டிமார் இருக்கும்போதே கேட்டு, பென்சிலால் எழுதி வையுங்கள். மை வேண்டாம், ஊறி முன்பக்கம் வந்துவிடும்.