ஒரு மணிக்கூடும் இரு வாசிப்பும்

தமிழைச் சிறப்புப் பாடமாகப் பயின்ற இறுதியாண்டு மாணவன் ஒருவனுக்கு ஒரு மணிக்கூட்டினால் நேர்ந்த இடரையும், அவ்விடர் அவனுக்கு உணர்த்திய உண்மையையும் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும். அம்மணிக்கூடு சுவரிலே தொங்கியதன்று, கையிலே கட்டியதுமன்று. பழைய மடிக்கணினி ஒன்றின் உள்ளே, நாணயம் போன்ற சிறு மின்கலத்தின் துணையால் ஓடிக்கொண்டிருந்தது.

அவன் வன்னிக் கிராமம் ஒன்றிலே பிறந்தவன். அக்கிராமத்து மூதாட்டியர் பாடும் ஒப்பாரிப் பாடல்களைத் தொகுத்து ஆராய்வதே அவன் ஆய்வேட்டின் பொருள். கைமாறி வந்த மடிக்கணினியில் விண்டோஸ் என்னும் பணிசெயல் முறைமை ஏற்கெனவே இருந்தது. அது நத்தையென நகர்வதைக் கண்ட விடுதித் தோழன் ஒருவன், லினக்ஸ் என்னும் பிறிதொரு முறைமையையும் அருகிலே நிறுவிக் கொடுத்தான். கணினியை இயக்குந்தோறும் இரண்டில் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். எழுதுவதும் ஒலிப்பதிவு கேட்பதும் பெரும்பாலும் லினக்ஸில் நடந்தன. பாமினி எழுத்துருவிலே அமைந்த பழைய ஆவணங்களோடு வேலை செய்யவேண்டிய வேளைகளில் விண்டோஸை நாடினான்.

சில நாள்களிலே ஒரு விந்தை தென்பட்டது. லினக்ஸில் சரியான நேரம் காட்டிய கணினி, விண்டோஸுக்கு மாறியதும் ஐந்தரை மணித்தியாலம் பிந்திக் காட்டிற்று. அதைக் கையாலே திருத்திவிட்டு மீண்டும் லினக்ஸுக்குச் சென்றால், அங்கே ஐந்தரை மணித்தியாலம் முந்திக் காட்டிற்று. ஒன்றைத் திருத்த மற்றது பிழைத்தது. நகரத்திலே கணினி திருத்தும் கடையொன்றிற்குக் கொண்டு சென்றான். மின்கலம் சோர்ந்துவிட்டது எனக் கூறிப் புதியதொன்றை இட்டார்கள். பணம் செலவானதன்றிப் பயன் ஏதும் விளையவில்லை. ஈற்றில் அவன் அப்பிழையோடு வாழப் பழகிக்கொண்டான். மூலையிலே தெரியும் நேரத்தை மனத்துள்ளே கூட்டியும் கழித்தும் வாசித்தான்.

அப்பழக்கமே அவனுக்குப் பகையாயிற்று. ஒருநாள் பிற்பகல் 2.10க்கு லினக்ஸில் ஒரு பாடலின் எழுத்துப்படியைச் சேமித்தான். மாலை நான்கு மணிக்கு விண்டோஸைத் திறந்தபோது அது முற்பகல் 10.30 என்றது. திருத்தாமலே விட்டான். ஊரிலிருந்த தாயோடு தொலைபேசியிற் பேசி, அப்பாடலிலே பொருள் விளங்காதிருந்த சொற்கள் ஒவ்வொன்றுக்கும் அவள் தந்த விளக்கத்தை அப்படியிலே சேர்த்து, அதே பெயரில் வேறொரு கோப்புறையில் இட்டான். உண்மையில் அப்போது மாலை 6.10, கணினி குறித்துக்கொண்டதோ பிற்பகல் 12.40. இரவு லினக்ஸுக்குத் திரும்பி, மீதி வைத்திருந்த கோப்புகளை ஒழுங்குபடுத்தத் தொடங்கினான். ஒரே பெயரில் இரு படிகள் இருந்தன. ஒன்று 2.10, மற்றது 12.40. முந்தியதே பழையது என எண்ணி அதனை முற்றாக அழித்தான். இரண்டு மணித்தியாலம் தாய் சொல்லக் கேட்டு எழுதியவை அவ்வாறே போயின. மறுநாள் கோப்பைத் திறந்தபோதுதான் நடந்தது புரிந்தது.

விஞ்ஞான பீடத்திலே பயின்ற மூத்த மாணவி ஒருத்தியிடம் இதனைச் சொல்லி வருந்தினான். அவள் கணினியைத் தொடவுமில்லை.

“தம்பி, பற்றரி பழுதெண்டால் நேரம் கண்டபடி பிழைக்கும். இது ஒவ்வொருமுறையும் கணக்காய் அஞ்சரை மணித்தியாலமெல்லோ பிழைக்குது? அஞ்சரை எண்டால் என்ன எண்டு யோசிச்சுப் பாரும்.”

இலங்கையின் நேரம் கிறீன்விச்சைத் தழுவிய உலகப் பொது நேரத்திலும் ஐந்தரை மணித்தியாலம் முந்தியது என்பது பள்ளிச் சிறுவரும் அறிந்தது. ஆயினும் அக்கணக்குத் தன் கணினியினுள்ளே ஒளிந்திருக்கும் என அவன் நினைத்ததில்லை.

அவள் விளக்கியது இதுதான். கணினி அணைந்திருக்கும் வேளையிலும் அதன் உள்ளே ஒரு மணிக்கூடு ஓடுகிறது. செக்கனுக்கு 32,768 தடவை அதிரும் பளிங்குத் துண்டொன்று அதற்குத் தாளம் போடுகிறது. 32,768 என்பது இரண்டைப் பதினைந்து முறை தன்னோடு பெருக்க வருவதாகையால், இருமக் கணக்கிலே அதிர்வுகளை எண்ணிச் செக்கனைப் பிரிப்பது எளிது. 1984ஆம் ஆண்டில் ஐபிஎம் நிறுவனம் வெளியிட்ட ஏடி கணினியிலேயே இத்தகைய மின்கல மணிக்கூடு அமைந்திருந்தது. ஆண்டு, மாதம், நாள், மணி, நிமிடம், செக்கன் ஆகியவற்றை எழுதி வைக்க அச்சில்லில் இடமுண்டு. ஆனால், எழுதிய நேரம் எந்த ஊரின் நேரம் என்பதைக் குறிக்க இடமில்லை. அந்த வெற்றிடத்திலேதான் பிணக்கு விளைகிறது. விண்டோஸ், தனக்கு முன்னோடியான டொஸ் முறைமையின் வழியிலே, அங்கே எழுதியிருப்பது உள்ளூர் நேரம் எனக் கொள்கிறது. 1970 ஜனவரி முதலாந் திகதி தொடக்கம் உலகப் பொது நேரத்திலே செக்கன்களை எண்ணிவரும் யுனிக்ஸ் மரபில் வந்த லினக்ஸோ, அது பொது நேரம் எனக் கொண்டு, ஐந்தரையைத் தானே கூட்டிக்கொள்கிறது. ஒன்று எழுதியதை மற்றொன்று தன் கருத்துப்படி வாசிக்கிறது. இரண்டும் கணக்கிலே தவறவில்லை, மணிக்கூடும் தவறவில்லை.

தமிழ் மாணவனுக்கு இது விளங்குவதற்கு வேறோர் உவமை வேண்டியிருக்கவில்லை. பாமினியிலே தட்டெழுதிய பக்கத்தை அவ்வெழுத்துரு இல்லாத கணினியிலே திறந்தால், தமிழ் மறைந்து ஆங்கில எழுத்துக் குவியல் தோன்றும். எழுத்து அழிந்துவிட்டதோ எனப் புதியவர் அஞ்சுவர். அழிந்தது ஒன்றுமில்லை. எந்த முறையிலே வாசிக்கவேண்டும் என்ற குறிப்பே அங்கு இல்லாதது.

தீர்க்கும் வழிகள் இரண்டு. லினக்ஸுக்கு ஒரு கட்டளையிட்டு, உள்ளூர் நேரத்தையே உள்மணிக்கூட்டில் வைக்கும்படி பணிக்கலாம். இது எளிது. ஆனால், கோடையிலும் மாரியிலும் நேரத்தை மாற்றும் நாடுகளிலே, மாறும் நாளன்று இரு முறைமைகளும் தனித்தனியே மணிக்கூட்டைத் திருப்பிவிடக்கூடும். மற்றைய வழி, விண்டோஸைப் பொது நேரத்துக்கு இணங்கச் செய்வது. அதன் பதிவேட்டிலே நேரவலயம் பற்றிய பகுதியில் ‘ரியல்டைம்இஸ்யூனிவர்சல்’ என்னும் பெயரால் ஒரு பதிவை ஏற்படுத்தி, அதன் பெறுமதியை 1 என இடவேண்டும். பதிவேட்டில் வேறெதையும் தொட்டுவிடாதிருக்கக் கவனம் வேண்டும். அவன் இரண்டாவதையே தெரிந்துகொண்டான். பின்னர் லினக்ஸில் ஒருமுறை நேரத்தைச் சரிசெய்து, மாறி மாறி நான்கு தடவை இயக்கிப் பார்த்தான். இரு திரைகளும் ஒரே நேரத்தைக் காட்டின.

ஆயினும் அழிந்த விளக்கங்கள் திரும்பவில்லை. மறுபடியும் தாயை அழைத்தான். அவள் சலிக்காமல் முதற் சொல்லிலிருந்து தொடங்கினாள். ஏன் அழிந்தது என அவள் கேட்க, அவன் இரு நேரங்களின் கதையைக் கூறினான். அவள் சிரித்தாள்.

“இதென்ன புதினமே தம்பி? எங்களுக்கும் ரெண்டு நேரம் இருந்ததெல்லோ. ஓமந்தையைத் தாண்டி வவுனியாப் பக்கம் போனால் மணிக்கூட்டை அரை மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளவேணும். திரும்பி வரேக்கை பின்னுக்கு இழுக்கவேணும்.”

அவன் குழந்தையாயிருந்த காலத்துச் செய்தி அது. மின்சாரத் தட்டுப்பாடு காரணமாக 1996 மே மாதத்தில் இலங்கையின் நேரத்தை அரசாங்கம் ஒரு மணித்தியாலம் முன்தள்ளியது. அதே ஆண்டு ஒக்டோபரில் அரை மணித்தியாலம் பின்னிழுத்தது. 2006 ஏப்பிரலிலேதான் பழைய ஐந்தரைக் கணக்கு மீண்டது. விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டிலிருந்த வன்னியோ இடைக்காலம் முழுவதும் பழைய நேரத்தையே கைக்கொண்டது. ஒரே தீவிலே, ஒரே சூரியனின் கீழ், இரு நேரங்கள் நிலவின.

தாய் சொன்னதைக் கேட்டதும் அவன் பேச்சடங்கி இருந்தான். ஆய்வேட்டின் ஓரிடம் நினைவுக்கு வந்தது. அப்பாடலைப் பாடிய ஆச்சி, 2003ஆம் ஆண்டில் தன் கணவர் வவுனியாவில் வைத்தியசாலையிலே இறந்ததைச் சொல்கையில், அந்நேரம் மாலை 6.40 என உறுதியாகக் கூறியிருந்தாள். அவள் பெட்டியிலே பேணி வைத்திருந்த வைத்தியசாலைத் துண்டிலே 7.10 என இருந்தது. எழுதியதே சான்று எனக் கொண்ட அவன், ‘தகவலாளியின் நினைவுப் பிழை’ என அடிக்குறிப்பு இட்டிருந்தான்.

அதைத் தாயிடம் சொன்னான்.

“ஆச்சி பிழை சொல்லேல்லைத் தம்பி. அவ வன்னியிலிருந்து கட்டிக்கொண்டு போன மணிக்கூட்டைப் பாத்துச் சொல்லியிருக்கிறா. அண்டைக்கு இருந்த அந்தரத்திலை ஆர் மணிக்கூட்டைத் திருப்பினது?”

அரை மணித்தியால வேறுபாடு கணக்காய்ப் பொருந்திற்று. தன் கணினியிலே ஐந்தரையைக் கண்டும் அதன் பொருளைக் காணாதவாறே, ஆச்சியின் பேச்சிலும் அரையைக் கண்டு பொருளைக் காணாதிருந்தான். அங்கே இழந்தது இரண்டு மணித்தியால உழைப்பு. இங்கே, கணவனின் இறுதிக் கணத்தை இருபது ஆண்டுகளுக்கும் மேலாய் மறவாதிருந்த ஒருத்தியின் சொல்லைப் பிழையென்று அச்சேற்ற இருந்தான்.

அன்றிரவே அடிக்குறிப்பை நீக்கிப் புதியதொன்றை எழுதினான்: ‘வன்னி நேரம் 6.40, வவுனியா நேரம் 7.10. இரண்டும் ஒரே கணத்தைக் குறிப்பன.’ அதன் பின்னர், களக்குறிப்பேட்டின் தொடக்கத்துக்குச் சென்று, 2006க்கு முந்திய நிகழ்ச்சிகளுக்கு எழுதியிருந்த நேரங்கள் ஒவ்வொன்றின் அருகிலும், அது எவ்விடத்து நேரம் எனக் கேட்டறிய வேண்டும் என்பதற்கு அடையாளமாகச் சிறு கோடொன்று இட்டான். கோடுகள் பதினொன்று ஆயின. அடுத்த விடுமுறைக்கு ஊருக்குச் செல்லும்போது அவன் முதலிற் காணவேண்டியவள் ஆச்சியே.