தெருவோரக் குவியல்கள்

நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரில், வாராந்தரக் குப்பைத் தொட்டியில் அடங்காத பெரும் பொருள்களை ஆண்டுக்கொரு முறை வீடுதோறும் வந்து நகர மன்றமே அகற்றும் ஏற்பாடு உண்டு. 2015-க்கு முன்னர், குறித்த காலத்தில் பேட்டை முழுவதும் நாற்காலி, மெத்தை, தொலைக்காட்சிப் பெட்டி முதலியவற்றைத் தெருவோரப் புல்தரையில் குவித்து வைக்க, வழிப்போக்கரும் அண்டை அயலாரும் தமக்கு வேண்டியதைத் தேர்ந்து கொண்டுபோவது வழக்கமாயிருந்தது. இப்பொழுதோ அவரவர் தனித்தனியே முன்பதிவு செய்து, தத்தம் வேலிக்குள்ளேயே பொருளை வைக்க வேண்டும்.

தெருவில் குப்பை சிதறாதிருக்க இம்மாற்றம் உதவுகிறது என்பதை நான் மறுக்கவில்லை. உபயோகமுள்ளவற்றைப் பிரித்துச் சமூக சேவை அமைப்புகளுக்கு வழங்குவதும் மெச்சத்தக்கதே. ஆயினும், ஒருவர் கழித்ததை மற்றொருவர் எடுக்க வருகையில் பிறந்த சம்பாஷணை போய்விட்டதே என்று என் மனம் விசனப்படுகிறது.

அண்டையாரோடு பேசிப் பகிரும் பழக்கம் அருகியதை வேறொன்றிலும் காண்கிறேன்: ஒரே தெருவில் வீட்டுக்கு வீடு ஒரு புல்வெட்டும் இயந்திரம், மாதத்தில் ஓரிரு மணி நேரமே ஓடி, எஞ்சிய காலமெல்லாம் கொட்டகையில் கிடப்பதற்கு, அடுத்த வீட்டுக் கதவைத் தட்டிக் கேட்கக் கூசும் நம் சுபாவமே பிரதான காரணம் என்று நான் கருதுகிறேன். மேலும் மேலும் வாங்கத் தூண்டுவதற்கு, 2025 டிசம்பரில் ஆக்லாந்தின் சில்வியா பார்க்கில் நாட்டின் முதல் ஐகியா அறைகலன் கடையும் திறந்தாயிற்று. ஏணியோ துளையிடும் கருவியோ வாங்கப் புறப்படும் நம் தமிழ்க் குடும்பங்கள், புறப்படுமுன் பக்கத்து வீட்டில் ஒரு தடவை கேட்டுப் பார்க்க வேண்டுமென்று பிரார்த்திக்கிறேன்.