இலை விற்கும் ஊர்

ஜப்பானில் பயிலும் என் மகனைக் காணச் சென்றிருந்தபோது, வானளாவிய மாடங்களையும் மின்னல்போல் விரையும் இரயிலையும் காட்டுவான் என்றே எதிர்பார்த்திருந்தேன். அவனோ, "அத்தா, அவற்றை எல்லோரும் பார்க்கிறார்கள், நான் உங்களை ஒரு சிற்றூருக்கு அழைத்துச் செல்கிறேன்" என்றான். அவ்வாறு நான் கண்ட ஊர்தான் கமிகட்சு.

ஷிகோக்குத் தீவில் தொகுஷிமா மாநிலத்து மலைகளுக்கிடையே ஒடுங்கிக் கிடக்கிறது இவ்வூர். நிலப்பரப்பில் பெரும்பகுதி காடு. எஞ்சிய சரிவுகளில் படிப்படியாக ஏறிச் செல்லும் நெல்வயல்கள். 1955இல் இரண்டு கிராமங்கள் இணைந்து இவ்வூர் உருவானபோது இங்கு 6,000க்கும் மேற்பட்டோர் வாழ்ந்தனர். இன்று இருப்போர் சுமார் 1,400 பேரே. அவர்களுள்ளும் பாதிக்கு மேற்பட்டோர் 65 வயதைக் கடந்தவர்கள். இளைஞர் நகரங்களுக்குச் சென்றுவிட, முதியோர் மலைக்குக் காவலிருக்கும் ஊர் என்று சொன்னால் பொருந்தும்.

இவ்வூரார் முன்பு மிக்கான் என்னும் ஆரஞ்சு வகையைப் பயிரிட்டும் மரம் வெட்டியும் பிழைத்து வந்தனர். 1981 பிப்ரவரியில் வந்த கடுங்குளிர் மிக்கான் மரங்களைப் பெரும்பாலும் கருக்கிவிட்டது. வெளிநாட்டு மரத்தின் வரவால் மரத்தொழிலும் தளர்ந்திருந்த காலம் அது. அப்போது வேளாண் கூட்டுறவுச் சங்கத்தில் ஆலோசகராக இருந்தவர் யோகோயிஷி தொமோஜி என்னும் இளைஞர். 1986இல் ஒசாக்கா நகரத்து உணவகமொன்றில் அவர் அமர்ந்திருந்தபோது, உணவுத் தட்டில் அழகுக்காக வைத்திருந்த செவ்விலையொன்றை ஓர் இளம்பெண் எடுத்து வியந்து பாராட்டியதைக் கண்டார். 'இவ்விலை எங்கள் மலையில் கணக்கின்றிக் கிடக்கிறதே!' என்ற எண்ணம் அவருக்குள் எழுந்தது.

ஊராரிடம் சொன்னபோது நகைத்தனர். இலையைப் பொறுக்கி விற்றுப் பிழைப்பதா என்று கூசியவர்களும் உண்டு. நான்கு வீட்டாரே முதலில் முன்வந்தனர். அந்த இலைகளும் தொடக்கத்தில் விலைபோகவில்லை. எந்தப் பருவத்திற்கு எந்த இலை, எந்தத் தட்டிற்கு எந்த அளவு என்பதை யோகோயிஷி உயர்தர உணவகங்களில் தம் சொந்தப் பணத்தைச் செலவிட்டு உண்டு கற்றார். பின்னர்தான் வாணிகம் தழைத்தது. இன்று 300க்கும் மேற்பட்ட இலை, பூ, கொம்பு வகைகள் இங்கிருந்து நாடெங்கும் செல்கின்றன. ஆண்டு விற்பனை 26 கோடி யென் அளவை எட்டியதும் உண்டு.

நான் பெரிதும் வியந்தது வருவாயைக் கண்டன்று. இத்தொழிலைச் செய்வோர் பெரும்பாலும் மூதாட்டியர். கணிப்பொறியின் திரையில் அன்றைய தேவையைப் பார்த்து, 'நான் தருகிறேன்' என்று முந்துபவருக்கே அந்த வேலை கிட்டும். விற்பனையில் தாம் எத்தனையாவது இடம் என்பதையும் அவர்கள் அதில் அறிந்துகொள்கின்றனர். ஒரு வீட்டு முற்றத்தில் மூதாட்டியொருவர் இலைகளை ஒவ்வொன்றாக ஒளியில் தூக்கிப் பார்த்து, புள்ளி விழுந்தவற்றை ஒதுக்கிவிட்டு, பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டு தலைதாழ்த்தி வணங்கினார். ஆனால் கைகள் நிற்கவில்லை.

இவ்வூருக்கு மற்றொரு புகழும் உண்டு. இங்கே குப்பை வண்டி வருவதில்லை. ஒரு காலத்தில் குப்பையைத் திறந்தவெளியில் எரித்தனர். பின்னர்ச் சிறு எரியுலைகளை வாங்கினர். டயாக்சின் என்னும் நச்சுப் பொருளைத் தடுக்கும் சட்டம் வந்ததும் அவையும் மூடப்பட்டன. புதிய உலைக்குப் பொருள் இல்லாத ஊர், பிரித்தெடுப்பதையே வழியாகக் கொண்டது. 2003இல், 2020க்குள் எரிப்பதும் புதைப்பதும் அறவே இல்லாத ஊராவோம் என்று உறுதி பூண்டது. சமையற் கழிவை அவரவர் வீட்டிலேயே உரமாக்குகின்றனர். ஏனையவற்றைத் தாமே சுமந்து வந்து நாற்பதுக்கும் மேற்பட்ட பிரிவுகளாகப் பிரித்து இடுகின்றனர். வண்டி ஓட்ட இயலாத முதியோர் வீடுகளுக்கு ஆள் சென்று எடுத்து வருவதும் உண்டு. ஒவ்வொரு தொட்டியின் மேலும், அப்பொருள் எங்கே செல்கிறது, அதனால் ஊருக்கு வரவா செலவா என்று எழுதி வைத்திருக்கிறார்கள். 2020இல் திறக்கப்பட்ட அந்நிலையத்தின் சுவரில் ஊரார் தந்த சுமார் 700 பழைய சன்னல்களும் கதவுகளும் பதிந்திருக்கின்றன. வானிலிருந்து நோக்கினால் கட்டடமே ஒரு கேள்விக்குறி வடிவில் தோன்றுமாம்.

"எண்ணியதை அடைந்துவிட்டார்களா?" என்று மகனிடம் கேட்டேன்.

"இல்லை, அத்தா. நூற்றுக்கு எண்பது அளவில் நிற்கிறது. மறுசுழற்சிக்கு ஆகாதவாறே செய்யப்படும் பொருள்களை இவர்கள் என்ன செய்ய இயலும்? ஆயினும் 2020ஆம் ஆண்டு இறுதியில் 2030ஐ நோக்கி மீண்டும் உறுதி எடுத்தார்கள்" என்றான்.

தோற்றதை மறையாமல் சொல்லி, மறுபடியும் தொடங்கிய அந்த நேர்மை என் உள்ளத்தைத் தொட்டது. இவற்றால் ஊர் பிழைத்துவிட்டது என்று கூறுவதற்கில்லை. மக்கள்தொகை இன்னும் குறைந்துகொண்டுதான் வருகிறது.

திரும்பி வரும் வழியில் என் தாயாரின் நினைவு வந்தது. இறுதிக் காலத்தில் அவர் அரிசி புடைக்க முறத்தை எடுத்தால்கூட, "உங்களுக்கு எதற்கம்மா இந்த வேலை? உட்காருங்கள்" என்று வாங்கி வைத்துவிடுவோம். அதை மரியாதை என்றே நம்பினோம். வெறுமையான கைகளை மடியில் வைத்துக்கொண்டு அவர் வாசலைப் பார்த்திருந்ததன் பொருள் அன்று எனக்கு விளங்கவில்லை.

முற்றத்தில் இலை அடுக்கிய மூதாட்டியின் கைகளைப் பார்த்த பின்னரே விளங்கிற்று. புள்ளி விழுந்த இலையைக்கூட அவர் வீசிவிடவில்லை. மரத்தடியில் உரத்திற்காகக் குவித்து வைத்திருந்தார்.